கூடைப்பந்தாட்டக்காரரின் சம்பளம்

(வன்னியம்பட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கூடைப்பந்து ஆடும் ஒருவர் அந்த ஆட்டத்தை வைத்து எவ்வளவு சம்பாதிக்கிறார், எத்தனை ஆண்டு சம்பாதிக்கிறார், அந்தப் பணம் யார் கையிலிருந்து வருகிறது? விளையாட்டு விழா மேடைகளில் ஒழுக்கம் பேசுவோம், உடல்நலம் பேசுவோம், நாட்டின் பெருமை பேசுவோம். சம்பளம் பேசமாட்டோம். ஆனால் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் காலையும் மாலையும் கோர்ட்டே கதி என்று கிடக்கும்போது, வீட்டில் எழும் முதல் கேள்வி, "இது சோறு போடுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. மில்லில் ஷிப்ட் பார்த்தோ, சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்தோ பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம் அதைக் கேட்காமல் எப்படி இருக்கும்? அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல யாரும் முன்வராததால், நல்ல கை உள்ள பிள்ளைகள் பலர் பதினாறு, பதினேழு வயதில் பந்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பதிலை இன்று என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கலாம். அனிதா பால்துரை 1985இல் சென்னையில் பிறந்தவர். 2000 தொடங்கி 2017 வரை இந்திய மகளிர் அணியில் ஆடினார். 19 வயதில் அணித் தலைவி ஆனார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடினார். தேசியப் போட்டிகளில் மட்டும் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது. திருமணமாகி, குழந்தை பிறந்த பிறகு மறுபடியும் இந்திய அணிக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் அவர் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இத்தனை ஆண்டுகள் உச்சத்தில் ஆடிய ஒருவருக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? தெற்கு ரயில்வேயிலிருந்து. அவர் ரயில்வே ஊழியர். எந்தக் கிளப்பும் அவரை ஏலத்தில் எடுக்கவில்லை. இந்தியாவில் கூடைப்பந்தாட்டக்காரர் என்ற தொழிலின் நிஜமான வடிவம் இதுதான். தமிழ்நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் யாரை எடுத்துக்கொண்டாலும் பெயருக்குப் பின்னால் ஒரு துறையோ வங்கியோ இருக்கும்: தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, காவல் துறை. ஆட்டக்காரர்கள் இவற்றை டிபார்ட்மென்ட் டீம் என்பார்கள். நம் ஊரில் ஆட்டத்தின் ஒப்பந்தப் பத்திரம் என்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரும் வேலை உத்தரவுதான்.

அந்த உத்தரவு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில்வேயையே எடுத்துக்கொள்வோம். வயது 18 முதல் 25 வரை. இந்த வரம்பில் எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. மொத்தம் நூறு மதிப்பெண். அதில் ஐம்பது, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் நீங்கள் ஏற்கெனவே சாதித்ததற்கு. நாற்பது, ட்ரையல்ஸில் பயிற்சியாளர்கள் முன்னால் காட்டும் ஆட்டத்திறனுக்கும் உடல்தகுதிக்கும். மீதிப் பத்து, படிப்புக்கு. அந்த நாற்பதில் 25 எடுக்காதவர் தகுதியற்றவர் என்று அங்கேயே நிறுத்தப்படுவார். வேறு எத்தனை கோப்பை இருந்தாலும் பயனில்லை. தேறியவருக்கு அவர் எந்தப் போட்டியில் ஆடினார் என்பதைப் பொறுத்து ஊதிய நிலை அமையும். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் அடிப்படைச் சம்பளம் முதல் நிலைக்கு 18,000 ரூபாய், இரண்டாம் நிலைக்கு 19,900, ஐந்தாம் நிலைக்கு 29,200. இதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் வரும். குடும்பத்துக்கு ரயில்வே மருத்துவமனை, பயணத்துக்குப் பாஸ். போட்டிக்கும் பயிற்சி முகாமுக்கும் சம்பளத்தோடு சிறப்பு விடுப்பு. தேசியப் பதக்கம் வாங்கினால் கூடுதல் ஊதிய உயர்வு.

இதில் அந்த ஐம்பது மதிப்பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், காகிதம் இல்லாவிட்டால் அந்த ஐம்பது போய்விடும். இந்திய அணிக்கு ஆடியதற்கு ஒரு படிவம், மாநில அணிக்கு ஆடியதற்கு ஒரு படிவம், பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கு ஒரு படிவம், பள்ளிகளுக்கு இடையிலான தேசியப் போட்டிக்கு இன்னொன்று. ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட அந்தப் படிவங்களை உரிய அதிகாரியின் கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்தால்தான் பல துறைகளில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். கிராமத்துப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மாநில அணியில் ஆடியிருப்பார்கள். படிவம் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்திருக்காது. உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே அக்கறையோடு இதையும் கற்றுக்கொடுங்கள்.

இந்த முறையை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. "ஆட்டக்காரரைக் கிளார்க் ஆக்கிவிடுகிறது" என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த முறை இல்லாவிட்டால் நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்து என்று ஒன்று இருந்திருக்காது. கீத்து அன்னா ஜோஸைப் பாருங்கள். கேரளத்துப் பெண், சங்கனாச்சேரியில் படித்தவர், ஆறடி இரண்டு அங்குல உயரம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்து ஆடினார். 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்வி அவரைத் தெருவில் நிறுத்தவில்லை. 2014இல் அர்ஜுனா விருது வாங்கினார்.

இதை அமெரிக்கப் பெண்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரிகளில் ஒருவரான டயானா டௌராசிக்கு 2015இல் அமெரிக்க லீகில் கிடைத்திருக்கக்கூடிய ஊதியம் சுமார் 1,07,000 டாலர். ரஷ்யாவின் எக்கத்தரின்பர்க் கிளப் அவருக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தது. கோடையில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்று அதற்கு மேலும் பணம் கொடுத்தது. அவரும் அந்த ஆண்டு சொந்த நாட்டு லீகில் ஆடவில்லை. 2024இல் கல்லூரி ஆட்டத்தில் அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்த கெய்ட்லின் கிளார்க் தொழில்முறைக்கு வந்தபோது முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். அதே நாட்டில், அதே ஆண்டில், ஆண்கள் லீகான என்.பி.ஏ.யில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட பத்து லட்சம் டாலருக்கு மேல். நம் ரயில்வேயில் ஐந்தாம் நிலையில் சேரும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே 29,200. ஆட்டக்காரிக்கும் ஆட்டக்காரருக்கும் சமச் சம்பளம் தரும் ஒரு ஏற்பாட்டை நாம் பல காலமாகவே நடத்தி வருகிறோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் நமக்குத் தோன்றவில்லை.

சரி, குறைகள்? இருக்கின்றன, பெரிய குறைகள். முதலில் இடங்கள் குறைவு. 2025இல் தெற்கு ரயில்வே வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பில் எல்லா விளையாட்டுக்கும், ஆண் பெண் இருபாலருக்கும் சேர்த்து 67 இடங்கள். பெரும்பகுதி அடிநிலைப் பணிகள். கூடைப்பந்துக்கு வருவது அதில் ஒரு சிறு பங்கு. அதிலும் அணிக்கு அந்த ஆண்டு எந்த இடத்தில் ஆள் தேவையோ அந்த இடத்துக்குத்தான் எடுப்பார்கள். நீங்கள் கார்டு, அவர்களுக்குத் தேவை சென்டர் என்றால், உங்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லாமலே அந்த ஆண்டு உங்களுக்கு வேலை இல்லை. அப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போனால் வயது 25 தாண்டிவிடும். அதன் பிறகு அந்தக் கதவு திறப்பதேயில்லை.

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்பதும் கணக்கில் வர வேண்டும். "ரயில்வே வேலை, சாகும்வரை பென்ஷன்" என்று தாத்தாக்கள் சொன்ன கதையை அப்படியே பேரப்பிள்ளைக்குச் சொல்லக் கூடாது.

இன்னொரு குறை எனக்கு அதிகம் வலிப்பது. இந்த முறையில் ஆட்டத்துக்கென்று தனி விலை இல்லை. வேலைக்குள் நுழையும்வரை ஆட்டம் எல்லாமாக இருக்கிறது. நுழைந்த பிறகு சம்பளம் பதவியைப் பொறுத்தது. இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரரும் பெஞ்சில் உட்காரும் பன்னிரண்டாவது ஆளும் ஒரே நிலையில் சேர்ந்திருந்தால் ஒரே சம்பளம். முப்பத்து மூன்று வயதில் முழங்கால் ஓய்ந்து ஆட்டத்தை விடுகிறவர், இருபது வயதிலிருந்தே மேசையில் வேலை பழகிய சக ஊழியருக்குப் பின்னால் நின்று கோப்பு எழுதப் பழக வேண்டியிருக்கிறது. பதினைந்து ஆண்டு அவர் சம்பாதித்த அறிவு, எதிரணி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு நொடி முன்னால் அறியும் அறிவு, அந்த மேசைக்குத் தேவைப்படுவதில்லை. பயிற்சியாளர் ஆகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களோடு அந்த அறிவும் போய்விடுகிறது.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆட்டம் நம்மிடம் வந்த வழியிலேயே விடை இருக்கிறது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று இதைக் கண்டுபிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்துக் கம்பங்கள் எழுந்தன. ஆக, நமக்கு இது பள்ளிக்கூடத்து ஆட்டம். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து அலுவலகத்துக்கு. டிக்கெட் என்ற ஒன்று எந்தக் கட்டத்திலும் குறுக்கே வரவில்லை.

ஆட்டம் பிறந்த நாட்டில் நடந்தது வேறு. கண்டுபிடித்து ஐந்தே ஆண்டில், 1896இல், டிரென்டன் நகரில் ஒரு குழு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று, செலவு போக மிஞ்சியதைப் பங்கிட்டுக்கொண்டது. ஆளுக்கு 15 டாலர், தலைவருக்கு மட்டும் ஒரு டாலர் கூடுதல் என்று கூடைப்பந்து வரலாற்றில் சொல்வார்கள். 1965இல் வில்ட் சேம்பர்லெய்ன் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார் என்று கேள்விப்பட்டு, பாஸ்டன் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் 1,00,001 டாலர் கேட்டு வாங்கினார். கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகத் தெருவில் அடிவாங்கிய ஆண்டு அது. அந்த ஒரு டாலரை நான் சுயமரியாதைக் கணக்கில்தான் வைப்பேன்.

அங்கும் ஊதியம் தானாக உயரவில்லை. ஒரு கிளப்பில் சேர்ந்தால் அந்தக் கிளப் விடும்வரை வெளியேற முடியாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1970இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் நீதிமன்றம் போனார். 1976இல் சமரசம் ஏற்பட்டு, ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணி தேடும் உரிமைக்கு வழி திறந்தது. இன்று என்.பி.ஏ.யில் ஆட்டத்தால் வரும் வருமானத்தில் சுமார் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்பது எழுத்தில் உள்ள உடன்பாடு. 1984-85இல் ஒரு அணி மொத்தச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று வைத்த வரம்பு 36 லட்சம் டாலர். 2025-26இல் அது 15 கோடியே 46 லட்சம் டாலர். தொலைக்காட்சி உரிமை உயர உயர, பாதிப் பங்கு என்ற அந்த எழுத்து சம்பளத்தையும் தூக்கிக்கொண்டு போனது.

அந்தப் பணம் எல்லோர் கையிலும் நிற்கவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்டோயின் வாக்கர் பத்துக் கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர். 2010இல் திவால் மனுக் கொடுத்தார். ஜூனியர் பிரிட்ஜ்மன் 1975 முதல் 1987 வரை ஆடினார். எந்த ஆண்டும் மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டிச் சம்பாதித்ததில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே உணவகத் தொழிலைக் கடையில் நின்று கற்றார். பின்னாளில் நூற்றுக்கணக்கான கிளைகளுக்கு உரிமையாளரானார். தான் ஆடிய மில்வாக்கி அணியிலேயே 2024இல் பத்து விழுக்காடு பங்கு வாங்கினார். 2025இல் மறைந்தார்.

இந்தியாவிலிருந்து அந்த வாசலைத் தொட்ட ஒருவரின் கதை, பஞ்சாப் பல்லோகே கிராமத்து சத்னம் சிங்கின் கதை. ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் வளர்ந்து, 2010இல் உதவித்தொகையோடு புளோரிடா போனார். 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது தேர்வாக எடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர். நாடே கொண்டாடியது. ஆனால் இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுகிறவருக்கு ஒப்பந்த உறுதி கிடையாது என்பதை யாரும் விளக்கவில்லை. அவர் என்.பி.ஏ.யில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குக் கீழே உள்ள வளர்ச்சி லீகில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். அந்தக் காலத்தில் அந்த லீகின் உச்ச ஊதியமே ஒரு பருவத்துக்கு 26,000 டாலருக்குள். மேலே உள்ள லீகில் புதியவருக்கான குறைந்தபட்சம் 5,25,093 டாலர். ஒரு படிக்கட்டு வித்தியாசம், இருபது மடங்கு. பின்னர் கனடாவில் கொஞ்ச காலம் ஆடினார். 2020இல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. பிறகு அமெரிக்காவில் மல்யுத்த மேடை ஏறினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு வயதில் மொழி தெரியாத ஊருக்குப் போன பிள்ளை அவர். அந்த வழி நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாதையாக முடியாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

பாதை வேறு பக்கம் இருக்கிறது. அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் கண்ணில் பக்கத்திலிருக்கும் ஆசியா படுவதில்லை.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைவிட உயரமானவர்கள் அல்லர். அங்கே 1930களின் இறுதியிலிருந்து மணிலாத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று லீக் நடத்தி வந்தது. மிக்கா என்று அழைப்பார்கள். ஆட்டக்காரர்கள் அந்தக் கம்பெனிகளின் ஊழியர்கள். அப்படியே நம் டிபார்ட்மென்ட் டீம் மாதிரி. 1975இல் அந்தக் கம்பெனிகளில் சில வெளியே வந்து, ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கே சம்பளம், ரசிகருக்கு டிக்கெட், தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு என்று ஏப்ரல் 9ஆம் தேதி பி.பி.ஏ. லீகைத் தொடங்கின. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அது. இன்றும் அணிகளின் பெயர் கம்பெனிப் பெயர்தான்: சான் மிகேல், மெரால்கோ. ஒன்று மதுபானக் கம்பெனி, இன்னொன்று மின்சாரக் கம்பெனி. முன்னணி ஆட்டக்காரருக்கான உச்சவரம்பு பல ஆண்டுகளாக மாதம் 4,20,000 பெசோ. நம் பணத்தில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். கம்பெனி அணியை வைத்துக்கொண்டே அவர்கள் தொழில்முறைக்குப் போனார்கள்.

ஜப்பான் இன்னும் அண்மைக் கதை. அங்கேயும் டொயோட்டா, ஹிட்டாச்சி, தோஷிபா என்று ஊழியர் அணிகள்தான் ஆட்டத்தை வளர்த்தன. ஊர்ப் பெயரில் புதிய கிளப்புகள் ஒரு லீக், கம்பெனிகள் ஒரு லீக் என்று பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, 2014 நவம்பரில் உலகச் சம்மேளனம் ஜப்பானையே இடைநீக்கம் செய்தது. அந்த அவமானம் அவர்களை உட்கார்ந்து பேச வைத்தது. இரண்டையும் இணைத்து 2016 செப்டம்பரில் பி.லீக் தொடங்கியது. தொடக்க ஆட்டத்துக்கு யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? ஒரு பக்கம் டொயோட்டாவின் அல்வார்க் டோக்கியோ. மறுபக்கம் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத, ஒகினாவாத் தீவுக்காரர்களின் ரியூக்யூ கோல்டன் கிங்ஸ். 2019இல் அந்த லீகில் பத்துக் கோடி யென் ஒப்பந்தம் பெற்ற முதல் ஜப்பானியர் யூகி தொகாஷி. அவர் உயரம் 167 சென்டிமீட்டர். ஐந்தரை அடி. "உயரம் இல்லை" என்று இந்த வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

நாமும் முயலாமல் இல்லை. 2015இல் யு.பி.ஏ. என்று ஒரு லீக் வந்தது, சென்னை ஸ்லாம் அதில் ஆடியது, மூன்றாண்டில் நின்றுபோனது. 2022இல் ஐ.என்.பி.எல். வந்தது, சென்னை ஹீட் அணி உண்டு. வரவேற்கிறேன். ஆனால் இவை சில வாரப் போட்டிகள். ஆறு மாதம் சொந்த ஊர் மைதானத்தில் ஆடி, அந்த ஊர்க்காரர் தன் அணி என்று சொல்லிக்கொள்ளும் நிலை வரவில்லை. சம்பளம் தருகிற வேலையை விட்டுவிட்டு சில வாரப் பணத்தை நம்பி எந்த ஆட்டக்காரரும் வெளியே வரமாட்டார், வரவும் கூடாது.

ஆனால் நம்மிடம் ஒன்று இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பி.டி. சிதம்பர சூரிய நாராயணன் நினைவுக் கோப்பைக்காகக் கோடைதோறும் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை. கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. இரவு விளக்கில், கேலரி நிறைய ஜனம். ராணுவம், விமானப் படை, வங்கி, ரயில்வே என்று நாட்டின் எல்லா டிபார்ட்மென்ட் டீமும் இந்தச் சிற்றூர்களுக்கு வருகின்றன. கடைக்காரரும் விவசாயியும் ரீபவுண்டுக்குக் கை தட்டத் தெரிந்தவர்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71ஆவது தேசியப் போட்டியில் ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்ததென்றால் அது இந்த மண்ணின் விளைச்சல். மணிலாவும் டோக்கியோவும் தொடங்கியபோது வைத்திருந்த இரண்டு பொருள்களும், சம்பளம் கொடுக்கும் கம்பெனி அணியும் ஆட்டம் தெரிந்த கூட்டமும், தமிழ்நாட்டில் இன்று இருக்கின்றன. இரண்டும் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் சந்தித்துவிட்டுப் பிரிந்து போகின்றன.

அவற்றை ஆறு மாதம் சேர்த்து வையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வங்கியும் ரயில்வேயும் வேலையையும் சம்பளத்தையும் அப்படியே தொடரட்டும். ஒவ்வொரு துறை அணியும் ஒரு ஊரைத் தன் ஊராக எடுத்துக்கொள்ளட்டும். வாரக் கடைசியில் ஊர் மாறி ஊர் ஆடட்டும். டிக்கெட், விளம்பரம், ஒளிபரப்பு எதில் காசு வந்தாலும் பாதி ஆட்டக்காரருக்கு ஆட்ட ஊதியமாகப் போகும் என்று முதல் நாளே எழுதி வைக்கட்டும். ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமுறை ஆறாண்டு வழக்காடிய பிறகே அங்கே பேரம் பேசும் பலம் வந்தது. நமக்கு அந்தப் பாடம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. பெண்கள் அணிக்கும் அதே மைதானம், அதே மாலை, அதே பங்கு. ரயில்வே காட்டிய சமத்துவத்தை லீகுக்கு வரும்போது கைவிடக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டென்று நினைக்கிறேன். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா உள்ளூர்க்காரர்களின் பங்குப் பணத்தைத் திரட்டி ராஜபாளையம் மில்லை எழுப்பினார். வெளியூர்ப் பெருமுதலாளிக்காகக் காத்திருக்காமல் ஆலை கட்டிய ஊர் இது. ஒகினாவா அணியும் பெரிய கம்பெனிக்காகக் காத்திருக்காமல்தான் எழுந்தது. ஆலைகள் ஆண்டுக்கு இரண்டு ஆட்டக்காரரையும் இரண்டு ஆட்டக்காரியையும் வேலைக்கு எடுத்தாலே ஐந்து ஆண்டில் இங்கே இரண்டு அணிகள் நிற்கும்.

அது பெரிய காரியம், நாளாகும். உடனே செய்யக்கூடிய ஒன்றை அறக்கட்டளையாரிடம் கேட்டுவிட்டு முடிக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக் காத்திருக்கும் 18 முதல் 25 வயது வரையிலான அந்த ஏழு ஆண்டுகளில் ஆட்டக்காரருக்குச் சம்பளமும் இல்லை, மருத்துவக் காப்பும் இல்லை. கல்லூரி விடுதியில் இலவச இடம் கிடைத்தால் பெரிது. சிமென்ட் தளத்தில் குதித்துக் குதித்து முழங்கால் தசைநார் அறுந்தால், அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிறகான பல மாதப் பயிற்சிக்கும் குடும்பம் கடன் வாங்க வேண்டும். வாங்க முடியாத வீட்டில் ஆட்டம் அன்றோடு முடிகிறது. உங்கள் அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பகுதியை, இந்த வட்டாரத்தில் மாவட்ட அணி வரை வந்த பிள்ளைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். ஆண்டுக்குப் பத்துப் பேரில் தொடங்கினாலும் போதும். ஐந்து பேர் பெண்களாக இருக்கட்டும்.

ரயில்வே அறிவிப்பின் நகல்களும் நான்கு படிவங்களின் மாதிரியும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்த மேசையிலேயே இருப்பேன். பெற்றோர்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களோடு வாருங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.